துணி துவைக்கிற அறைக்கு என்ன கலர் அடிக்கலாம்? பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

பெருமாள்புரத்தில் சொந்த வீடு, அடுப்படிக்குப் பின்னால் புறவாசலை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய 6க்கு 8 அடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், உள்ளே ஒரு பழைய துவைகல்லும் ஃப்ரன்ட் லோடு மெஷினும். சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது, பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது, உள்ளே போனாலே சோர்வாக வருகிறது. என்ன கலர் அடித்தால் பளிச்சென்று இருக்கும், துவைகல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு ரிப்பேர் வேலை எடுத்துச் செய்கிறவன் என்பதால் நேராகச் சொல்லிவிடுகிறேன், கலரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். அந்த அறை உங்களைச் சோர்வடைய வைப்பதற்கு ஈரமும் இருட்டும்தான் காரணம், பெயின்ட் அதன் மேல் வந்து உட்காருகிற ஆள். தீபாவளிக்கு முன்னால் புது பெயின்ட் அடித்து, பொங்கலுக்குள் கொப்புளம் விட்டு, சித்திரையில் செதில் செதிலாக உதிர்ந்து, மறுபடி அடுத்த தீபாவளிக்கு அடிக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஈரச் சுவரில் பட்டி பார்ப்பது புண்ணைக் கழுவாமல் பவுடர் போடுகிற வேலை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை எடுத்து, உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் சுவர் பாவம், அறைக்குள் காற்றோட்டம் இல்லாததுதான் வினை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்காரர் சொல்கிற வாட்டர் ப்ரூஃப் டப்பாவை வாங்காதீர்கள்.

உள்ளிருந்து வருகிறது என்றால், அடுத்த கேள்வி கீழேயிருந்து ஏறுகிறதா, பக்கத்திலிருந்து கசிகிறதா என்பது. நம் தெருக்களில் ரோடு போடப் போட மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது, அதற்கு ஈடாகப் புறவாசலிலும் மண்ணடித்து மேடாக்கிவிடுகிறோம், கடைசியில் வெளியே இருக்கிற மண் அறைத் தரையைவிட உயரமாகி, பெய்கிற மழையெல்லாம் சுவரோடு சாய்ந்து நிற்கும். சுவரை ஒட்டி வெளியே ஒரு மண்வெட்டி அகலத்துக்கு மண்ணை வழித்து, உள்தரை மட்டத்துக்குக் கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்தாலே பாதிச் சுவர்கள் தானாகக் காய ஆரம்பித்துவிடும். அப்புறம்தான் உள்பக்கம். ஈரம் ஏறி நிற்கிற கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் தெரிய விட்டுவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் அதே உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பூச்சு, அதற்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் ஒரு மாதமாவது சும்மா விட வேண்டும். மேஸ்திரிகள் பலர் மறுநாளே பட்டியைக் கையில் எடுப்பார்கள், விடாதீர்கள். ஈரச் சுவரை டைல்ஸ் போட்டு மூடிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள், மூடினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் போய் அங்கே பூக்கும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காலம் பார்க்க வேண்டும். மாசி, பங்குனி, சித்திரைதான் நம் பக்கம் சுவர் காய்கிற மாதங்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொட்டால் கூலியும் சிமென்டும் தண்டம்.

தரை. புறவாசல் அறைகளில் தண்ணீர் எப்போதும் ஒரு மூலையில் தேங்கி நிற்கும், அங்கேதான் பாசி, கொசு, நாற்றம் எல்லாம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும், உங்கள் எட்டடி நீளத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். டைல்ஸ் போடுகிறவர் ரசமட்டம் வைத்துக் காட்டினாலும் சரி, இடுக்குக்குச் சிமென்ட் பால் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை மெஷின் இருக்கிற மூலையில் நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். எந்தக் கல்லில் தேங்குகிறதோ அந்தக் கல்லை அப்போதே பெயர்த்து மாற்றச் சொல்லலாம், மறுநாள் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பளபளப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம், சோப்புத் தண்ணீரில் வயதானவர்கள் கால் வைத்தால் ஆஸ்பத்திரிதான். சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டைல்ஸ், சின்ன அளவாக, ஒரு அடிக்கு ஒரு அடி எடுங்கள், இடுக்குகள் கூட இருப்பதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும், வாட்டமும் சுலபமாக வரும். சிவப்பு ஆக்சைடு தரை எனக்கும் ரொம்பப் பிடிக்கும், பழைய வீடுகளில் பட்டாசல் (முன்கூடம்) தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனால் சோப்பு விழுகிற இடத்தில் அது வழுக்கும், அதற்கு வேறு இடம் வைத்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

தண்ணீர் போகிற ஓட்டையில் நானி ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தை அடைக்கிற கிண்ணம்) வைக்காமல் வெறும் குழாயைப் பதித்து மேலே சல்லடை போட்டுவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு, பழைய அங்கணத்துக் குழியை அப்படியே பி.வி.சி.யில் செய்கிற புத்தி அது. கரப்பானும் சாக்கடை நாற்றமும் வீட்டுக்குள் வருவது அந்த வழியாகத்தான். ட்ராப்புக்குள் இரண்டு அங்குலமாவது தண்ணீர் நின்றால்தான் நாற்றத்தைத் தடுக்கும், ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால் முதல் வேலையாக அதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மெஷினின் கழிவுக் குழாயைத் தரையில் அப்படியே போட்டுவிடாதீர்கள், தரையிலிருந்து இரண்டு முதல் மூன்று அடி உயரத்தில் ஒரு நிற்கிற பைப்புக்குள் தளர்வாகச் செருகி வைக்க வேண்டும். தாழ்வாகக் கிடந்தால் மெஷினுக்குள் தண்ணீர் நிரம்ப நிரம்ப அது பாட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும், மெஷின் ரிப்பேர் என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவீர்கள். புறவாசலில் வாழை நின்றால் சோப்புத் தண்ணீரை அதற்குத் திருப்பிவிடலாம், ப்ளீச்சிங் போட்ட அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

மெஷினைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது ஆற்றுப் பக்கத்துத் தெருக்களில் எத்தனை மெஷினும் ஃப்ரிட்ஜும் போயின என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு வெள்ளத்துக்கு எந்த மேடையும் தாங்காது, ஆனாலும் சாதாரணமாக ஐப்பசி மழையில் புறவாசலில் ஏறுகிற தண்ணீருக்கு அரை அடி கான்கிரீட் மேடை போதும். இரும்பு ஸ்டாண்டு, செங்கல் அடுக்கு இதெல்லாம் துணி பிழிகிற சுற்றில் ஆட்டம் காணும், திடமான கான்கிரீட்தான் சரி, நடக்கிற பக்கம் மட்டும் ஒரு சின்ன வரம்பு கட்டிவிட்டால் மெஷின் நகர்ந்து விழாது. கரன்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தண்ணீரைச் சூடாக்குகிற மெஷின் 2000 வாட் வரை இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்), ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற சுவிட்ச்), இந்த நாலும் கட்டாயம். பிளக் நாலரை அடி உயரத்தில், குழாய்க்கு நேர் மேலே வராமல் இருக்கட்டும். அடுப்படியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வந்து ஈரத் தரையில் போடுகிற வீடுகளில் நான் வேலையே எடுப்பதில்லை.

தண்ணீர் பற்றி ஒன்று. தொட்டியின் உயரம் பத்து மீட்டர் என்றால்தான் குழாயில் ஒரு பார் அழுத்தம். ஒற்றைத் தள வீட்டில், மட்டப்பாவில் (மொட்டை மாடியில்) நாலடி ஸ்டாண்டு மேல் தொட்டி வைத்திருந்தாலும் மெஷின் குழாய்க்கும் தொட்டிக்கும் பதினோரு அடிதான் வித்தியாசம் வரும், அதாவது 0.3 பாரைத் தாண்டிக் கொஞ்சம். சில மெஷின்களுக்கு அது விளிம்பு நிலை, தண்ணீர் ஏற நேரமெடுத்து எர்ரர் காட்டி நின்றுவிடும். மெஷினோடு வந்த புத்தகத்தில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருப்பார்கள், பாருங்கள், பற்றாவிட்டால் தொட்டியிலிருந்து மெஷினுக்கென்று தனி லைன் இழுப்பது முதல் வழி, சின்ன பிரஷர் பம்பு இரண்டாவது. அப்புறம் ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரில் நுரை பொங்கும், துணி மெத்தென்று இருக்கும். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால் வேட்டியெல்லாம் பழுப்பேறி, மெஷின் ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்து போகும். போர் தண்ணீர்தான் கதி என்றால், சில மாதங்களுக்கு ஒரு முறை நூறு கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) போட்டு, துணி இல்லாமல் சுடு தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

இனி வெளிச்சம். உங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருப்பது ஒரு வகையில் வசதி, கான்கிரீட்டாக இருந்தால் நான் சொல்லப்போவதைச் செய்ய முடியாது. ஓட்டு வீடுகளில் நடுவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு போட்டிருப்பார்களே, பகல் பூரா அடுப்படியில் ஒரு சதுரம் வெயில் விழுந்து மெதுவாக நகரும், அதையே இங்கே செய்யலாம். ஒரே ஒரு ஷீட்டை எடுத்துவிட்டு அதே அளவு நெளிவுள்ள பால் நிற பாலிகார்பனேட் ஷீட்டைப் போடுங்கள். நெளிவு பொருந்தாவிட்டால் ஒழுகும், கடைக்குப் போகும்போது பழைய ஷீட்டின் நெளிவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி மாதிரி தெளிவானது வேண்டாம், மத்தியான வெயிலில் அறை கொதிக்கும், பால் நிறம் வெளிச்சத்தைப் பரப்பும், சூட்டைக் குறைக்கும். விலை குறைவான ஃபைபர் ஷீட் சில வருஷத்தில் மஞ்சளாகி மறுபடி இருட்டாகிவிடும். வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்து ஷீட்டாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

இதில் ஒரு எச்சரிக்கை, ஆஸ்பெஸ்டாஸை அறுக்கவோ துளை போடவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஷீட்டை நனைத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும், வேலை செய்கிறவர் மாஸ்க் போட்டிருக்க வேண்டும், ஷீட் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது, குறுக்குச் சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். தைரியசாலி ஒருவர் வந்து ‘இதெல்லாம் பார்த்தா வேலை ஆகுமா’ என்பார். அவரை அனுப்பிவிடுங்கள்.

காற்றுக்கு எதிரெதிர் சுவரில் இரண்டு திறப்பு வேண்டும். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் பிரயோசனம் இல்லை. மேற்குச் சுவரில் மேலே ஜாலிக் கல் இரண்டு வரிசை, அதற்கு எதிர்ச்சுவரில் சற்றுக் கீழே ஒரு ஜன்னல். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே, அந்த மாதங்களில் துணி அரை மணி நேரத்தில் காய்ந்து, கிளிப் போடாவிட்டால் அடுத்த வளவில் போய்க் கிடக்கும். சிக்கல் ஐப்பசி கார்த்திகையில்தான், காற்றும் இருக்காது வெயிலும் இருக்காது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயாமல் ஒரு நாற்றம் அடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்காக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், மேலே இழுத்துக் கட்டுகிற கப்பிக் கொடியும் வையுங்கள். கொடிக்கு எவர்சில்வர் குழாய் போடுங்கள், ஜி.ஐ. கம்பி துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் கோடு போடும். கொக்கியை இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும், ஷீட்டில் மாட்டக் கூடாது. குழாய்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியாவது விட்டால்தான் நடுத் துணியும் காயும்.

துவைகல்லை எடுக்காதீர்கள். சட்டைக் காலர், சாக்ஸ், பள்ளிக்கூடப் பை, மிதியடி, சாயம் போகிற புதுச் சேலை, ஒற்றை வேட்டி, இதற்கெல்லாம் மெஷின் வேஸ்ட். அதைவிட முக்கியமாக, கல்லைப் பெயர்த்தால் கீழே தரை உடைந்து, வாட்டம் கெட்டு, இரண்டு நாள் வேலை ஒரு வாரமாகும். எடுக்காமல் அதை அறையின் அழகாக்கிவிடலாம். கல்லைக் கம்பிப் பிரஷ் போட்டுப் பாசி போகத் தேய்த்தால் உள்ளே இருக்கிற நிறம் தெரியும், அதுவே பாதி அழகு. கல் நிற்கிற திண்டின் பக்கவாட்டிலும் அதற்குப் பின்னால் சுவரில் மூன்றடி உயரத்துக்கும் சிவப்பு ஆக்சைடு இழையுங்கள், நான் மேலே சொன்ன வேறு இடம் இதுதான். கால் படாத இடம், வழுக்கும் என்ற பயம் இல்லை, தண்ணீர் பட்டாலும் கழுவிவிடலாம், சாம்பல் கல்லும் செம்மண் நிறமும் சேர்ந்தால் வேறு அலங்காரமே வேண்டாம். ஆக்சைடு இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் விசாரித்தால் வயதான ஆட்கள் கிடைப்பார்கள். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே பொடி தூவிக் கரணையால் இழைத்து இழைத்து ஏற்ற வேண்டும், அவசரப்படுத்தினால் திட்டுத் திட்டாக வரும்.

மெஷினுக்கு மேலே ஒரு கடப்பா பலகை போட்டால் துணி மடிக்க இடம் ஆச்சு. ஃப்ரன்ட் லோடு மெஷின் பொதுவாக 85 சென்டிமீட்டர் உயரம், அதோடு அரை அடி மேடையும் சேர்ந்தால் பலகை மூன்றேகால் அடிக்கு வரும், நின்றுகொண்டு மடிக்கச் சரியான உயரம்தான், உயரம் குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் மேடையை நாலு அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குப் பின்னால் நாலு விரல் இடம் விடாமல் சுவரோடு ஒட்டிவிட்டால் குழாய் மடங்கும். கதவு போட்ட கப்போர்டுக்குள் மெஷினை ஒளித்து வைக்கிற ஃபேஷன் ஒன்று வந்திருக்கிறது, நம் ஈரக் காற்றுக்கு அது பூஞ்சைக் கூடு. துவைத்து முடித்ததும் மெஷின் கதவையும் திறந்தே போட்டு வையுங்கள்.

சரி, இப்போது கலர். சுவர் முழுசாகக் காய்ந்துவிட்டது என்றால் என் ஓட்டு சுண்ணாம்புக்குத்தான். பழைய பெயின்ட், டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்த சிமென்ட் பூச்சில்தான் அது பிடிக்கும், ஏற்கெனவே பெயின்ட் இருக்கிற சுவரில் அடித்தால் உதிரும். சுண்ணாம்பு சுவரை மூச்சு விட வைக்கும், மிச்சமிருக்கிற ஈரம் வெளியேறிவிடும், பூஞ்சைக்கும் அது ஆகாது. அதில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றினால் கையில் ஒட்டாது. சுவரை லேசாக நனைத்துவிட்டு மெலிசாக மூன்று கோட்டு, முதல் கோட்டு பார்த்தால் ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், காயக் காயத்தான் வெளுக்கும். கண்ணில் தெறித்தால் பொல்லாதது, கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். மேல் பாதிக்கும் ஷீட்டின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளை, அதில் ஒரு சிட்டிகை நீலம். வெளிச்சம் விழுகிற ஷீட்டுக்கு எதிரே இருக்கிற ஒரு சுவருக்கு மட்டும் மஞ்சள் காவி கலந்து மாம்பழ மஞ்சள் கொண்டு வாருங்கள், காலையில் வெயில் பட்டு அறை முழுவதும் அந்த நிறம் பரவும். நாலு சுவருக்கும் மஞ்சள் அடித்தால் சின்ன அறை பெட்டி மாதிரி ஆகிவிடும். ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் கிளிப்பச்சையோ மயில் கழுத்து நிறமோ எனாமலில் அடியுங்கள், இங்கே கொஞ்சம் தைரியமாகப் போகலாம், பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம் கரை ஒரு நிறம் என்று எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் உங்கள் ரசனை. பிளாஸ்டிக் கூடைக்குப் பதில் பனைநார்ப் பெட்டிகள் இரண்டு வாங்கி அழுக்குத் துணியை வெள்ளை, கலர் என்று பிரித்துப் போடலாம், காற்றோட்டமாக இருக்கும், தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டினால் நாள்படும். கிளிப் போட ஒரு ஓலைக் கொட்டான். காருகுறிச்சி மண் தொட்டியில் ஒரு மணி பிளான்ட். பலகையில் தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒரு ரேடியோ, திருநெல்வேலி வானொலியை வைத்துவிட்டால் மடிக்கிற வேலை போகிற வழி தெரியாது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உப்புப் பூத்த சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது குளியலறையா, வெளிப்புறமா? குளியலறை என்றால் மேலே சொன்ன மண்ணை வழிக்கிற வேலைக்கெல்லாம் முன்னால், வீட்டில் இருக்கிற எல்லாக் குழாய்களையும் மூடி, ராத்திரி மீட்டரையோ தொட்டி மட்டத்தையோ குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் பைப்பில்தான் கசிவு, கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.